ஐந்து நிமிடத்தில் சொன்ன ஆலோசனை

மூன்று வருடங்களுக்கு முன், ஆக்லாந்தில் ஒரு சனிக்கிழமை. நியூ லின்னில் வாடகை ஹால் ஒன்றில் நடக்கும் தமிழ் வகுப்பில் மகளை விட்டுவிட்டு, வெளியே காபி குடித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் தயங்கியபடி வந்தார். ஆக்லாந்தின் தெற்கே விரி என்ற பகுதியில் ஒரு பெரிய கிடங்கில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறவர். எனக்கு முகப் பழக்கம் மட்டும்தான்.

"தம்பி, நீங்கள் கம்ப்யூட்டர் வேலைதானே செய்யிறியள்? இந்த ரெண்டிலை எதைப் படிச்சால் நல்லம்?" என்று இரண்டு தாள்களை நீட்டினார்.

ஒன்று நெட்வொர்க் டிப்ளமோ, மற்றது சாஃப்ட்வேர் டெஸ்டிங். கிடங்கில் ஸ்கேனர் நின்றுபோனாலும் பிரிண்டர் மக்கர் செய்தாலும் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். அதனால் நெட்வொர்க் பக்கம்தான் ஆசை என்றார். நான் டெஸ்டிங்கில் இருந்தவன். என் வேலையை விட்டால் உலகத்தில் வேறு வேலையே இல்லை என்ற நினைப்பு எனக்கு.

"அதெல்லாம் கேபிள் இழுக்கிற வேலை, அக்கா. டெஸ்டிங் எடுங்க. முடிச்சதும் எங்க கம்பெனியிலேயே சொல்லி விடுறேன்" என்றேன். தாள்களைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் வேலையை விட்டுவிட்டு அதையே படித்தார். அந்த மாதம் அவருக்கு டீம் லீடர் பதவி வருவதாக இருந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் படிப்பு முடிக்கும் நேரத்தில், எங்கள் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவையே மூடினார்கள். கால் மணி நேர மீட்டிங். பதினோரு பேர் வெளியே, என்னையும் சேர்த்து. அதே வாரம் அக்கா வாட்ஸ்அப்பில் வேலைக்கான தன் சி.வி.யை அனுப்பியிருந்தார். கூடவே, "அவசரமில்லை, ஆறுதலாப் பாருங்கோ தம்பி" என்று ஒரு வரி. எனக்கே வேலை இல்லை என்று சொல்ல வெட்கம். பதில் போடவில்லை. எங்கே எதிரில் வந்துவிடுவாரோ என்று, மகளை வகுப்பில் விடும் பொறுப்பை மனைவியிடம் தள்ளினேன்.

ஐந்து மாதம் வேலை கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு ஏஜென்சி மூலம் விரியில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கப் போனேன். முதல் நாள் காலை, புதியவர்களுக்கு வேலை காட்ட வந்தவர் அந்த அக்கா! தன் பழைய கிடங்குக்கே திரும்ப வந்திருந்தார். பழைய அனுபவம் இருந்ததால் எங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லியிருந்தார்கள். மற்றபடி அவரும் என்னைப் போலத் தற்காலிக ஆள்தான். டீம் லீடராக இருந்தது, முன்பு அவரிடம் வேலை பழகிய ஒரு பெண்.

என்னைப் பார்த்து ஒரு வார்த்தைகூடக் குத்தலாகச் சொல்லவில்லை. "முதுகை வளைச்சுத் தூக்காதேங்கோ, முழங்காலை மடியுங்கோ" என்று பொறுமையாகக் காட்டினார். மதியம் அவர் எதிரே போய் உட்கார்ந்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மனம் வரவில்லை.

"அக்கா, அன்னைக்கு நான் அந்தத் தாளை ஒழுங்கா படிக்கவே இல்லை."

அவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். "ஓம், தெரியும். நான் பாத்துக்கொண்டுதானே நிண்டனான்" என்றார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அந்த வேலையிலை இருக்கிற ஆள் சொல்லுறார், பிழையா இராது எண்டு நினைச்சன்."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

மூன்று மாதத்தில் பழைய அனுபவத்தை வைத்து எனக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. அவருடைய சி.வி.யை நானே நான்கு இடங்களுக்கு அனுப்பினேன். ஓர் அழைப்பும் வரவில்லை. இன்னொரு வருடம் வேலையை விட்டு நெட்வொர்க் படிக்க வீட்டு நிலைமை இடம் தராது என்றார். இன்றும் அந்தக் கிடங்கில்தான் இருக்கிறார்.

இப்போது யாராவது என்ன படிக்கலாம் என்று கேட்டால், முதலில் அவர்களைப் பேசவிடுகிறேன். பல நேரம் "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிடுகிறேன். இதை அன்றே சொல்லியிருக்கலாமே என்ற நினைப்பு, அப்படிச் சொல்லும் ஒவ்வொரு முறையும் வருகிறது.