கடைசியாக மீதியிருந்த எக்ஸ்ரே

கல்யாணமாகி ஐந்து வருடத்தில் எனக்கு எல்லாப் பரிசோதனையும் ஆகிவிட்டது. கணவருக்கு ஒன்றுகூட ஆகவில்லை. முதலில் உன்னுடையதைப் பார்த்துவிடுவோம், அப்புறம் என்னுடையது என்பார். கடைசியாக மீதியிருந்தது, கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே. அடைப்பு இருந்தால் குறை என்மேல்தான் என்று முடிந்துவிடும். மாமியார் அதற்காகவே காத்திருந்தார். அடைப்பு இல்லையென்றால் அடுத்து என் கணவர் பரிசோதனைக்குப் போயாக வேண்டும்.

அந்த எக்ஸ்ரேயை நினைத்த நாளில் எடுக்க முடியாது. மாதவிலக்கு நின்றபின், அது தொடங்கியதிலிருந்து பத்தாம் நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். என் எட்டாம் நாள் அவருடைய முதல் ஷிப்டில் வந்து விழுந்தது. அவர் வேலை பார்க்கும் நிலக்கரி மைன்ஸில் ஷிப்ட் மாற்றிக்கொள்ள வேண்டுமானால் மாற்றிக்கொள்பவரிடம் காரணம் சொல்ல வேண்டும். சொன்ன காரணம் சாயங்காலத்துக்குள் எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்கப் பரவிவிடும். அதனால் மனைவிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்ல மறந்துவிட்டார்.

பண்ருட்டி ஸ்கேன் சென்டரில் காலை மடக்கிப் படுக்கவைத்து மருந்தை உள்ளே செலுத்தினார்கள். லேசாக வலிக்கும் என்றார் டாக்டரம்மா. எது லேசு என்று கேட்கத் தோன்றியது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை. திரையில் இரண்டு பக்கமும் மெல்லிய கோடு ஓடி, முனையில் புகை மாதிரிப் பரவியது.

"ரெண்டு டியூபும் தொறந்துதாம்மா இருக்கு."

அழுதேன். ஐந்து வருடமாக என்னையே சந்தேகப்பட்டிருந்தேன். வலியில் அழுகிறேன் என்று நினைத்து நர்ஸ் வெந்நீர் கொடுத்தார்.

குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினால், ஷிப்ட் மாற்றிக்கொண்டவரின் மனைவி தூக்குச் சட்டியில் கேழ்வரகுக் கூழோடு வாசலில் நின்றிருந்தாள். வாயைத் திறக்காதீங்கக்கா, ரத்தம் வரும் என்றாள். கணவர் சுவரைப் பார்த்தார். விஷயம் புரிந்து, வாயை மூடிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து குள்ளஞ்சாவடியிலிருந்து மாமியார் போன் செய்தார். கணவர் ஸ்பீக்கரில் போட்டு, டாக்டர் இவளுக்கு இன்னும் நிறையப் பார்க்கணும் என்கிறார் என்று இழுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனைப் பிடுங்கினேன்.

"எனக்கு எந்த அடைப்பும் இல்லைங்க அத்தை. இனிமே பாக்க வேண்டியது உங்க புள்ளையத்தான்."

மாமியார் போனை வைத்துவிட்டார். நாளைக்குள் பிளாக் முழுக்கத் தெரிந்துவிடும் என்று நினைத்து, கூழோடு நின்றவளைப் பார்த்தேன். அவள் தூக்குச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்குப் போன வருசமே பாத்தாச்சுக்கா. ரெண்டும் தொறந்துதான் இருக்குது. எங்க வூட்டுக்காரருதான் இன்னும் போவல."

என் கணவர், தலை நிமிராமல், வெள்ளிக்கிழமை டெஸ்ட் எடுக்கப் போகிறேன் என்றார். எங்களில் யாருக்குச் சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை.