பூவுக்குள் போன எர்த்

ஆட்டோ எலக்ட்ரீஷியன் தொழிலில் வண்டிக்காரர் “சின்ன வேலைதான்” என்று ஆரம்பித்தாலே மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டும். வயரோடு மாரடிக்கும் உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

காயலான் கடை வாசல்

டோல்கேட்டில் என் கடைக்கு ராயபுரம் அந்தோணி அண்ணன் ஓட்டி வந்த லாரி, என்னைவிட வயதில் மூத்தது. புதுப் பெயிண்டில் மாப்பிள்ளை மாதிரி நின்றது. ஆனால் வலது இண்டிகேட்டரைப் போட்டால் பின்னால் இரண்டு பக்கமும் மங்கலாக மினுக்கியது. மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஃப்.சி. சோதனை. அதில் தேறாவிட்டால் லாரியை எடைக்குப் போட்டுவிடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தார். அதைக் கேட்ட பக்கத்துக் காயலான் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“இன்னா அண்ணாத்த, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் எட்த்து வெக்கட்டா?”

கையே காது

பல்பை மாற்றினேன், பிளாஷரை மாற்றினேன், சுவிட்சைக் கழற்றிப் பூட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் டெஸ்டரைத் தூக்கி எறியாததுதான் பாக்கி.

இன்ஜின் சத்தத்திலேயே காலம் தள்ளியதில் அண்ணனுக்குக் காது மந்தம். பிளாஷரின் டிக் டிக் அவருக்குக் கேட்காது. டேஷ்போர்டில் உள்ளங்கையை வைத்துத்தான் இண்டிகேட்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்பார். அன்றும் கையை வைத்தார். நான் இடது, வலது என்று மாற்றி மாற்றிப் போட்டேன்.

“லெப்ட்டு ஜோரா கீது நைனா. ரைட்டுதான் பெயிண்ட் அட்ச்சதிலேர்ந்து மூச்சு வாங்குது.”

இதழில் கை வைக்காதே

பெயிண்ட் என்றதும் எனக்குப் பொறி தட்டியது. ஓடிப்போய்ப் பின்பக்கம் பார்த்தேன். வலது விளக்கின் எர்த் வயரை பாடியோடு சேர்க்கும் போல்ட்டைக் காணவில்லை. அந்த இடத்தில் அண்ணன் தன் கையாலேயே ஒரு மஞ்சள் பூ வரைந்திருந்தார். போல்ட்டைக் கழற்றி, அடியிலும் ஒரு கோட் அடித்து, மறுபடி பூட்டி, அதையே பூவுக்கு நடுவாக்கிவிட்டார்! பெயிண்டைத் தாண்டி கரண்ட் எப்படிப் போகும்? அது இடது விளக்கு வழியாகச் சுற்றிப் போனதில்தான் இரண்டு பக்கமும் மங்கலாக மினுக்கியிருக்கிறது. ஆனாலும் அந்தப் பூ அவ்வளவு அழகு, சுரண்ட எனக்கே மனசு வரவில்லை. உப்புத்தாளை எடுத்ததும் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நடுவுல மட்டும் சொரண்டு. எதழ்ல கை வெச்சே, பேஜாராயிடும்!”

யாருக்குப் பழம்?

மறுநாள் மத்தியானம் அந்த லாரி, வலது இண்டிகேட்டர் பளிச் பளிச்சென்று அடிக்க, எங்கள் பக்கம் திரும்பியது. எஃப்.சி. ஆகிவிட்டது. அண்ணனின் ஒரு கை இன்னும் டேஷ்போர்டில்தான் இருந்தது. அந்த மனுஷனைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. நேராகக் காயலான் கடைக்குப் போய் ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

“இந்தா மாமு, பேரீச்சம்பழம். நீயே துன்னு!”

இப்போதெல்லாம் பெயிண்ட் வாசனையோடு ஒரு வண்டி வந்தால், நான் டெஸ்டரைத் தொடுவதற்கு முன்னால் பூ எங்கே என்றுதான் தேடுகிறேன்.