மாமா வாயில் கேக்

பேச வராத ஒருவர் வேண்டாமென்று தலையை ஆட்டினால், அதை வெட்கம் என்று எடுத்துக்கொள்ள எங்கே பயிற்சி தருகிறார்கள்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பக்கவாதம் வந்த என் மாமனார், ஒரகடம் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். எங்களுக்கு இருங்காட்டுக்கோட்டையில் மாடி போர்ஷன். அவரைத் தூக்கி ஏற்ற ஆளில்லை, என் இடுப்பில் கைக்குழந்தை வேறு. குழைந்த கஞ்சியைத் தவிர எது கொடுத்தாலும் நுரையீரலுக்குள் போய்விடலாம் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார்.

சனிக்கிழமைகளில் இல்லத்துக்குக் கம்பெனி பஸ்கள் வரும். தொழிற்பேட்டை அன்பு செலுத்தும் நாள். அன்புக்கும் ஷிப்ட் உண்டு. ஒரு கம்பெனி டி-ஷர்ட் கிளம்பியதும் அடுத்தது இறங்கும். முந்தைய ஷிப்ட் வாரிவிட்ட முதியவர் தலையையே மறுபடி வாரும். எல்லா ஷிப்டும் தவறாமல் கொண்டுவருவது கேக்.

போன வாரம் ஓர் இளைஞர் மாமாவின் வாயருகே கேக்கை நீட்டினார். மாமா தலையை ஆட்டினார்.

"தாத்தா வெக்கப்படுறாரு! இன்னொரு ஆங்கிள் எடு மச்சி."

"தம்பி, குடுக்காதீங்க, அவருக்குப் புரையேறும்," என்றேன்.

"கொஞ்சூண்டுதான்க்கா. போட்டோக்குதான்."

கொஞ்சூண்டு உள்ளே போனது. இருமி இருமி மாமாவின் முகம் கறுத்தது. ஆயா ஓடிவந்து அவரை முன்னால் சாய்த்து, வாயிலிருந்ததை வழித்தெடுத்தார். மூச்சு திரும்பியது. நான் போட்ட கூச்சலில் குழந்தை அலறியது. கொஞ்சம் அதிகமாகத்தான் கத்திவிட்டேனோ என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

அன்று கிளம்புமுன்பே இல்லத்து மேலாளரம்மா என்னைத் தனியே அழைத்திருந்தார். "இன்னாம்மா, நல்லது பண்ண வந்தவங்கள இப்டி வெரட்டினா அடுத்த வாட்டி வருவாங்களா? அவ்ளோ பயமா கீதுன்னா வூட்டுக்கே இட்டுகினு போயிடு."

அங்கிருக்கும் மற்றவர்களின் குடும்பத்தாரைக் கூட்டிக்கொண்டு மேலாளரிடம் பேசப் பார்த்தேன். "நீ பேசு கண்ணு, நாங்க பின்னாடி நிக்கிறோம்," என்றார் பக்கத்துக் கட்டில் அம்மாவின் மகள். மேலாளர் அறை வாசலில் திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் நின்றது.

வரும் சனிக்கிழமை என் கணவரின் கம்பெனி முறை.

"கேக் வேணாம்னு உங்க எச்.ஆர்.கிட்ட சொல்லுங்களேன்."

"எங்கப்பா அங்க கீறது ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. நானே ஊட்ற மாதிரி நின்னுக்கிறேன், வுடு."

பெற்ற மகன் ஊட்டுவதுபோல் நடிக்கப்போகிறார். டி-ஷர்ட்டும் வந்துவிட்டது.

அன்றைக்கு மாமா தப்பிப்பார். அதற்கடுத்த சனிக்கிழமை? இப்படி இல்லங்களில் இருப்பவர்களுக்காக நீங்கள் யாராவது பேசியிருந்தால் சொல்லுங்கள்: அவர் கட்டில் பறிபோகாமல் இந்தக் கேக்கை நிறுத்த யாரிடம் போகவேண்டும், என்னவென்று பேச்சை ஆரம்பிக்கவேண்டும்?