சித்தி சுரண்டிய பல்

என் சித்தியிடம் ஒரு கொக்கியைக் கொடுத்து மலை முன்னால் நிறுத்தினால், சாயங்காலத்துக்குள் அதைச் சரளையாக்கிவிடுவாள். சூரியனுக்குப் பல் இருந்தால் அதிலும் பற்காரை கண்டுபிடிப்பாள். பல் ஆஸ்பத்திரியில் அடுத்தவர் வாயைச் சுரண்டுவதுதான் அவள் வேலை. அதனால் வீட்டில் அவள் பெயர் சுரண்டி. வைத்தது நான்.

அவளோடு யாருக்கும் ஒத்துப்போகாது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாமாவைப் பிடித்து, "கொஞ்சம் சிரிங்க" என்பாள். அவர் சிரித்ததும், "உள்பக்கம் தேய்க்கிறதே இல்ல. இப்படியே விட்டா அழுக்கு கல்லாயிடும். அப்புறம் பிரஷ்தான் தேயும், அது தேயாது" என்பாள். மாமாவுக்குச் சாப்பாடு இறங்காது.

போன வாரம் அவளுக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு போனேன். ஆஸ்பத்திரி வாசலில் வெல்டிங் பட்டறைக்காரர் குதித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் அவருக்குச் சித்தி பல் சுத்தம் செய்திருந்தாள்.

"பல்லை உடைச்சிட்டா! நாக்கை வெச்சா சந்து சந்தா இருக்கு. தண்ணி குடிச்சா கூசுது!"

"உடைஞ்சது பல்லில்ல. பல்லுக்கு நடுவுல நீங்க வளத்து வெச்சிருந்த காம்பவுண்டு சுவரு. கூச்சம் தானா போயிடும். இந்தாங்க கண்ணாடி, பாத்துக்குங்க" என்று சித்தி வாசலுக்கே வந்து நீட்டினாள்.

"வாய்க்கொழுப்பப் பாரு!"

டாக்டர் கதவைப் பாதி திறந்தார். முதுகெலும்பைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு வருகிற மனிதர். "மன்னிப்பு கேட்டு முடிச்சிடும்மா. உக்காந்திருக்கிறவங்க எழுந்து போனா, நாளையிலேருந்து நீயும் வரவேண்டாம்."

"உடைக்காத பல்லுக்கு எதுக்கு சார் மன்னிப்பு?"

பெஞ்சிலிருந்த ஓர் அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பின்னாலேயே இன்னும் இருவர். சித்தி கையுறையைக் கழற்றப் போனாள்.

எனக்கென்ன போச்சு? ஆனாலும் விறுவிறுவென்று உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்தேன். "ஐயோ, வாயெல்லாம் காரை! இவங்கதான் சுரண்டணும். வேற யாராவது கை வெச்சா கடிச்சிடுவேன்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

பையை எடுத்த அம்மா வேடிக்கை பார்க்க நின்றார், நின்றவர் உட்கார்ந்தார். மற்ற இருவரும் உட்கார்ந்தார்கள். பட்டறைக்காரர் கண்ணாடியில் இளித்து இளித்துப் பார்த்தார். ஒன்றும் உடைந்திருக்கவில்லை. "எல்லாம் பைத்தியம்" என்று கண்ணாடியை வீசிவிட்டுப் போனார். டாக்டரின் கதவு மூடிக்கொண்டது.

சித்தி விளக்கைத் திருப்பி என் வாயை மூலைமுடுக்கெல்லாம் தேடினாள். பிறகு காதோரம் குனிந்தாள்.

"சுரண்ட ஒரு பொட்டுகூட இல்லியேடா. ராத்திரியும் ஒழுங்கா தேய்க்கிறே போல. திருட்டுப் பயலே, அப்ப எதுக்குடா இங்க வந்து படுத்தே?"