தூங்கி எழும் பெட்டியும் காஞ்சிபுரத்தில் ஒரு பகலும்

இந்த ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காஞ்சிபுரம் போனேன். கோயிலுக்கும் இல்லை, புடவைக்கும் இல்லை. "ஒரே நாளில் காஞ்சி" என்று தேடி இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்கள் பாதியில் திட்டிவிட்டுப் போகக் கூடாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மடிக்கணினியும் கேபிள் மூட்டையுமாக ஊர் ஊராக அலையும் என் போன்ற சர்வீஸ் ஆட்களுக்காக எழுதுகிறேன். நான் வேலை செய்வது சென்னையில் ஒரு சின்ன நிறுவனத்தில். கைத்தறியில் மாட்டும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டியைச் செய்கிறோம். புடவைக் கரையில் மயில் வருவதற்கு ஒவ்வொரு வரியிலும் எந்தெந்த இழைகளைத் தூக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்வது அந்தப் பெட்டிதான்.

அதற்குள் இருக்கும் பிராசஸரில் ஒரு பிழை. சிப் செய்கிறவர்கள் அதை மறைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். எந்த பிராசஸரும் பிழையில்லாமல் வெளியே வருவதில்லை. விற்ற பிறகு தெரியவருவதற்கெல்லாம் ஓர் எண் போட்டு, பிழைக் குறிப்பு என்று தங்கள் இணையதளத்தில் ஏற்றிவிடுவார்கள். மென்பொருள் என்றால் திருத்தி அனுப்பலாம். சிலிக்கானில் பதிந்துவிட்டதை என்ன செய்வது? மாற்று வழி இது, திருத்தும் திட்டம் இல்லை என்று எழுதி முடித்துவிடுவார்கள். எங்களுக்கு வந்த குறிப்பின் சாரம் இவ்வளவுதான்: உறக்க நிலையிலிருந்து விழிக்கும்போது, சில அரிதான சூழல்களில், முதல் தரவு எதிர்பாராததாக இருக்கலாம்.

படிக்கும்போதே கொட்டாவி வருகிறது அல்லவா? எங்கள் மேனேஜருக்கும் வந்திருக்கும். "நம்ம பெட்டிக்கு இது வராது" என்று மூடி வைத்துவிட்டார். பிள்ளையார்பாளையத்திலிருந்து புகார் மேல் புகார் வந்த பிறகுதான் என்னைக் கிளப்பினார். கூடவே ஒரு கட்டளை: "அப்டேட்னு மட்டும் சொல்லுங்க. பிராசஸர்ல பிழைன்னு வாயைத் திறந்துடாதீங்க."

தாம்பரத்தில் காலை ஏழு மணி ரயில். செங்கல்பட்டு வழியாகச் சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் இருபது ரூபாய். செங்கல்பட்டில் ஏன் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாமல் ரயில் நின்றுகொண்டே இருந்தது. முந்தின நாள்தான் சேலத்திலிருந்து திரும்பியிருந்தேன். உட்கார்ந்தபடியே தூங்கி, கழுத்து பிடித்துக்கொண்டது. ஒன்பதரைக்குக் காஞ்சிபுரம். ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய்.

"கோயிலுக்காமா?" என்றார் ஓட்டுநர்.

"இல்லங்க, பிள்ளையார்பாளையம்."

"புடவையா? நம்ம மச்சான் கடை இருக்குது, இட்டுக்கினு போறேன்."

"வேலையா வந்திருக்கேன்."

"காஞ்சிபுரத்துக்கு வந்து வேலைன்றீங்களே" என்று நிஜமாகவே பரிதாபப்பட்டார். எனக்கும் என்மேல் பரிதாபமாகத்தான் இருந்தது.

முதல் புகார் கோமதி வீட்டுத் தறி. சந்துக்குள் ஆட்டோ போகாது, ஐந்து நிமிட நடை. முன்னறை முழுக்கத் தறிதான், சுவரோரமாக நடந்துதான் உள்ளே போக முடியும். கோமதிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். எனக்கு முன்பே தண்டபாணி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொல்லிக் கூலி தருகிற முதலாளி அவர். தறியும் பெட்டியும் அவருடையவை. மடியிலிருந்த அரக்குநிறக் கல்யாணப் புடவையை விரித்துக் காட்டினார். கரை மயில்களில் அங்கங்கே ஒரு கோடு விலகி, கழுத்து வெட்டுப்பட்டாற்போல் இருந்தது.

"மூணு புடவைமா. மூணுலயும் இப்படி. இந்தப் பாவு நூல் தீர்ந்ததும் தறியை வேற ஆளுக்குக் குடுக்கப் போறேன்."

அவருடைய கோபம் பிழையின்மேல் மட்டும் இல்லை. அந்தத் தெருவில் ஒரு வழக்கம். நெய்யும்போது தப்பு விழுந்தால், அதற்கு நேராகப் புடவை ஓரத்தில் வேறு நிற நூலை முடிந்துவிட வேண்டும். முடிச்சு இருந்தால் முதலாளி கொஞ்சம் முணுமுணுப்பார், அதோடு போயிற்று. முடிச்சு இல்லாமல் அவரே கண்டுபிடித்தால், நெய்தவர் மறைத்துவிட்டார் என்றுதான் அர்த்தம். கோமதியின் மூன்று புடவையிலும் ஒரு முடிச்சுகூட இல்லை.

"தெரிஞ்சாதானே கட்டுவேன்?" என்றார் கோமதி என்னிடம். "நெய்யறப்போ புடவையோட நல்ல பக்கம் கீழ இருக்குது. பெட்டியில வரி நம்பரு ஒழுங்கா ஓடிக்கினு இருக்குது. இன்னான்னு பார்த்து நான் நூல் கட்டறது?"

"மத்தத் தறியில இவ்ளோ வரலையே" என்றார் தண்டபாணி. "நீ நாலு வரி நெய்யறதுக்குள்ள எழுந்து போயிடற. கவனம் இல்ல."

"போகாம? கொழாயில தண்ணி வந்தா புடிக்கணும். புள்ளையை ஸ்கூல்ல இருந்து கூட்டியாரணும். மாமனாருக்கு மாத்திரை குடுக்கணும். நான் ஒருத்தியாதான் எல்லாத்தையும் பார்த்துக்கினு இருக்கறேன்."

எழுந்து போகிறார். எனக்குத் தூக்கம் கலைந்தது. தறி சும்மா இருந்தால் எங்கள் பெட்டி சில நிமிடத்தில் உறக்கத்துக்குப் போய்விடும். திரும்பி வந்து மிதியை மிதித்தால் விழிக்கும். இடைவிடாமல் நெய்கிறவரின் பெட்டி தூங்குவதே இல்லை. கோமதியின் பெட்டி நாள் முழுக்கத் தூங்கித் தூங்கி எழுகிறது.

ஊடை நூல் போடாமல் சோதித்துப் பார்த்தோம். பெட்டி தூங்கும்வரை மூவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம், பிறகு கோமதி மிதித்தார். முதல் இரண்டு முறை சரியாக வந்தது. மூன்றாம் முறை திரையில் புது வரியின் எண் வந்தது. தூக்கிய இழைகளோ முந்தின வரியுடையவை. தண்டபாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இன்னாமா இது?"

அப்டேட் என்று சொல்லிவிட்டு, மென்பொருளை ஏற்றிவிட்டு, மதிய ரயிலைப் பிடித்திருக்கலாம். அவ்வளவு அலுப்பு. ஆனால் அப்டேட் என்றால் பெட்டி இன்னும் நன்றாக ஆகிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? கோமதி மறைத்தார் என்பது அப்படியே நின்றுவிடும். பிழைக் குறிப்பு போட்ட சிப் நிறுவனமும் ஒரு வகையில் நூலைக் கட்டத்தான் செய்தது. ஆனால் கண்ணில் படாதபடி துணியின் நிறத்திலேயே கட்டிவிட்டது. நானும் அதையே செய்வதா என்று எரிச்சலாக வந்தது. பிராசஸரில் பிழை, நெய்தவர்மேல் தப்பில்லை என்று சொன்னேன்.

தண்டபாணி கோமதியைப் பார்க்கவில்லை, புடவையை மடித்தார். "எங்கிட்ட சொன்னா போதாது. தெருவுக்கே தெரியும், இந்தப் பொண்ணு மறைச்சிட்டான்னு நான்தான் சொல்லி வெச்சேன். இந்தப் பெட்டி இருக்கற தறிக்காரங்க எல்லாருக்கும் வாட்ஸ்ஆப் குரூப் இருக்குது, அதுல உன் வாயால சொல்லிடுமா" என்று கைப்பேசியை நீட்டினார்.

சொன்னேன். பெட்டி தூங்கி எழுந்தால் முதல் வரி தப்பாக வரலாம், பெட்டிக்குள் இருக்கும் சிப்பின் குறை அது, அடிக்கடி எழுந்து போகிறவர்களுக்கு அதிகம் வரும், யாரும் கவனக்குறைவால் செய்ததில்லை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு விழித்ததும் முதல் வரியை மறுபடி படித்துச் சரிபார்க்கும் மென்பொருளை ஏற்றினேன். "தறி இங்கயே இருக்கட்டும்" என்றார் தண்டபாணி. கோமதி காபி போட எழுந்து போனார். மேனேஜர் இரண்டு முறை கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை.

இதே வேலையாகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பிள்ளையார்பாளையத்துக்குள் கார் வேண்டாம், நடங்கள். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் எந்த வீட்டுக்கும் போகாதீர்கள். பவர் பேங்க் அவசியம். போனதும் மடிக்கணினியைத் திறக்காதீர்கள், நெய்கிறவர் பேசி முடிக்கட்டும். குறிப்பில் "அரிதான" என்று இருந்தால், யாருக்கு அரிது என்று ஒருமுறை யோசியுங்கள்.

மற்ற வீடுகளையும் முடித்துக்கொண்டு கிளம்பும்போது சந்து முனையில் நின்றிருந்த தண்டபாணி தன் கைப்பேசியைக் காட்டினார். குரூப்பில் ஒரு பெண் குரல்: "யக்கா, போன மாசம் என் தறியை எடுத்துட்டாங்க. இப்போ சொல்றீங்க."

பேசியவர் இருப்பது ஐயம்பேட்டையில். காஞ்சிபுரத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் போல, ஷேர் ஆட்டோ முப்பது ரூபாய். ரயிலை விட்டுவிட்டுப் போனேன். அந்தப் பெண்ணின் பெயர் செல்வி. தறி இருந்த இடத்தில் கயிறு கட்டித் துணி காயப் போட்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன்: சிப், பிழை, உறக்கம், விழிப்பு, உங்கள்மேல் தப்பே இல்லை.

செல்வி குறுக்கிடாமல் கேட்டார். பிறகு வாசலில் கிடந்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டார்.

"நான் தப்பு பண்ணலைன்னு எனக்குத்தான் தெரியுமே. மொதலாளி வீடு அடுத்த தெருவுல இருக்குது. வாங்க, அங்க வந்து சொல்லுங்க."