கெண்டைக்கு அம்மை போட்ட வாரம்

சொர்ணம்மாளுக்கு எதையும் உற்றுப் பார்க்காமல் இருக்க முடியாது. தாராவியில் அவள் சந்துக்குள் யாராவது குழாய்க்குப் பள்ளம் தோண்டினால் முதலில் எட்டிப் பார்ப்பவள் அவள்தான். பட்டறையிலிருந்து வரும் ஜீன்ஸ் பேண்டுகளில் பிசிறு நூல் வெட்டுவது அவளுக்கு வேலை. கை அதுபாட்டுக்கு வெட்டும். கண் மீன் தொட்டியில் இருக்கும்.

தொட்டியில் இருப்பது ஆற்றுக் கெண்டை ஒரு ஜோடி. பளபளப்பு இல்லையென்று யாரும் வாங்காததால் குர்லா கடைக்காரர் சும்மா கொடுத்தது. இரண்டுக்கும் வாலருகே கறுப்புப் பொட்டு. ஆண் மீனுக்கு முதுகுத் துடுப்பில் இழை இழையாக நீண்டிருக்கும். அதற்கு அவள் வைத்த பெயர் மாப்பிள்ளை. அதன்மேல் அவளுக்குக் கொள்ளைப் பிரியம். அவள் புருஷன் கணேசபாண்டியனுக்கோ தொட்டி இருக்கும் மூலைமேல்தான் கண். சயானில் பார்சல் மூட்டை தூக்கிச் சம்பாதிக்கிற மனிதர், ஒரு ஃபிரிட்ஜ் வாங்க ஆசைப்பட்டார்.

“மீனு செத்துச்சுன்னா தொட்டி வெளிய போயிரும், பாத்துக்க” என்று சொல்லியே வைத்திருந்தார்.

மழை பிடித்த வாரம், மாப்பிள்ளையின் மூக்கில் வெள்ளை வெள்ளையாய்ப் பொடிக் கொப்புளங்கள் கிளம்பின. முட்டையிடும் காலத்தில் ஆண் கெண்டைக்கு மூக்கு இப்படித்தான் ஆகும். அது அவளுக்கு எப்படித் தெரியும்? நமக்கு மட்டும் தெரிந்திருந்ததா என்ன? அவளுக்குத் தெரிந்தது அம்மைதான். அழுதுகொண்டே போய்க் கோயில் மரத்தில் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்து வந்து தொட்டிக்குள் போட்டாள். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாதென்று அடுப்பில் தாளிப்பை நிறுத்தினாள்.

கணேசபாண்டியன் ரசத்தை வாயில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். “ஏட்டி, மீனுக்கு அம்ம போட்டா எனக்கு எதுக்கு பத்தியம்? பாகலா நீ, பைத்தியமா?”

“வாயக் கழுவுங்க. ஆத்தா வந்துருக்கா.”

மறுநாள் காலை கொட்டிய மழையில், கூரைமேல் கட்டிய நீலத் தாட்பத்திரிப் பாய் கிழிந்து தொட்டிக்குள்ளேயே ஒழுகியது. குளிர்ந்த புதுத் தண்ணீர் விழ விழ மாப்பிள்ளை ஒரு நிலையில் இல்லை. பெண் கெண்டையைத் துரத்தித் துரத்தி மூக்கால் வயிற்றில் இடித்தது. இரண்டும் வேப்பிலைக்குள் புகுந்து, ஒட்டி நின்று, உடம்பு நடுங்கி, விலகின. மறுபடியும் புகுந்தன. ஜன்னி கண்டுவிட்டது என்றே சொர்ணம்மாள் நினைத்தாள். ஓய்ந்தபின் இரண்டும் அந்த இலையையே கொத்தத் தொடங்கின. கசப்பை எதற்குத் தின்கின்றன?

இலையை மாற்றினாள். அம்மைக்குப் போட்ட பழைய இலை யார் காலிலும் மிதிபடக் கூடாது. அந்தச் சந்தில் மிதிபடாத இடம் ஏது? வெள்ளிக்கிழமை கோயில் மரத்தடியில் போடலாமென்று, ஒழுகலுக்கு வைத்திருந்த வாளியில், அந்தப் பால்டித் தண்ணீரில் மிதக்க விட்டாள்.

அடுத்த நாள் பால்டிக்குள் எட்டிப் பார்த்தாள். இலையில் வெந்த ரவை மாதிரி என்னவோ ஒட்டியிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். ஒவ்வொன்றுக்குள்ளும் வளைந்த ஒரு நூல். இரண்டு கறுப்புப் புள்ளிகள். நூல் துள்ளியது.

அன்றைக்குப் பேண்டுகள் வெட்டப்படாமல் மலையாய்க் கிடந்தன. மாலைக்குள் சில நூல்கள் முட்டையை விட்டு வெளியே வந்து இலையைப் பிடித்துத் தொங்கின. வாயே இல்லை, என்னத்தைத் தின்னும்? வயிற்றில் மஞ்சளாய் ஒரு பை. ஓகோ, சோற்றைக் கட்டிக்கொண்டுதான் வந்திருக்கின்றன! அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தொட்டியிலேயே விட்டிருந்தால் பெற்றவையே தின்று தீர்த்திருக்கும்.

வேலை முடிந்து வந்த கணேசபாண்டியன், குளிக்கப் பால்டியைத் தூக்கி, தண்ணீர் வெளியே போகும் மோரிப் பக்கம் சாய்த்தார். சொர்ணம்மாள் பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

“ஊத்தாதீங்க! உசுரு இருக்கு!”

அவர் மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“ஏட்டி... இம்புட்டையும் வளக்க அந்தத் தொட்டி பத்தாதே.”

அவர் பால்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

“அப்ப அவனுக்கு அம்ம இல்ல?”

“இல்ல.”

“நாளைக்குத் தாளிப்பேல்லா?”

“பிள்ள பெத்த வீட்ல தாளிப்பு என்னத்துக்கு? பத்தியந்தான்.”