ஷூ, பின்பக்கம், நான்கு

வண்டியின் பாகம் எதுவும் தேய்ந்தால் டிரைவர் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தலைமை எழுத்தர் அதைச் சரிபார்த்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். அனுமதி வரும்வரை வெளியார் யாரும் வண்டியைத் தொடக்கூடாது. பழுதுள்ள வண்டியைச் சாலையில் ஓட்டவும் கூடாது. விதி இதுதான். 1930களின் நடுவில் ஆம்பூரில் ஒரு சுகாதார அலுவலகத்தில் நான் தலைமை எழுத்தராக இருந்தேன். இந்த விதியைப் புத்தகம் பார்க்காமல் சொல்லக்கூடியவன் ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான் என்ற பெருமையும் எனக்கு இருந்தது.

அலுவலகத்தில் பழைய மோட்டார் வேன் ஒன்று இருந்தது. அதற்குப் பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக். சக்கரத்தோடு சுற்றும் இரும்பு டிரம்முக்குள் பிறை வடிவத்தில் இரண்டிரண்டு ஷூ இருக்கும். மிதியை அழுத்தினால் அவை விரிந்து டிரம்மை உட்புறமாகக் கவ்வும். கவ்வுகிற இடத்தில் ஆணியடித்திருந்த பட்டை தேய்ந்துவிட்டது என்று டிரைவர் எழுதிக் கொடுத்தார். 'ஷூ, பின்பக்கம், நான்கு' என்று முறைப்படி இங்கிலீஷில் விண்ணப்பம் அனுப்பினேன். ஐந்து வாரம் கழித்து மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது: டிரைவருக்குக் காலணி வழங்க விதியில் இடமில்லை, தவிர, ஓர் ஆளுக்கு நான்கு எதற்கு?

ஆம்பூர் மாதிரித் தோல் பதனிடும் ஊரிலிருந்து போன கடிதத்தில் ஷூ என்று இருந்தால் பாவம், அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? நான் மூன்று பக்கத்துக்கு விளக்கம் எழுதி, டிரம்மின் படமும் வரைந்து அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். வேன் கொட்டகையில் காத்திருந்தது.

அந்தச் சமயத்தில் ஒடுகத்தூர்ப் பக்கம், மலையடிவாரக் கிராமம் ஒன்றில் காலரா கண்டது. எங்கள் டாக்டர் முதல் நாளே மாட்டுவண்டியில் போயிருந்தார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒருவர் சைக்கிளில் அவருடைய சீட்டைக் கொண்டுவந்தார். 'ஐந்து பேர் படுத்திருக்கிறார்கள். ஊசியில் ஏற்றும் உப்புநீர் இரண்டு பேருக்குத்தான் வரும். உடனே அனுப்பவும்.'

மாட்டுவண்டியில் அனுப்பினால் பொழுது சாய்ந்துவிடும். டிரைவரைக் கூப்பிட்டேன்.

"எடுக்கறது நம்ம கையில இருக்குது சார். நிறுத்தறதுதான் இல்ல."

"கை பிரேக் இருக்கிறதே?"

"நான் வேலைக்கு வந்த அன்னிக்கே அது கையோட வந்துடுச்சு சார்."

வண்டியை எடுப்பதென்று முடிவு செய்தேன். ஆனால் பழுதுள்ள வண்டியை ஏன் ஓட்டினோம் என்பதற்குக் கோப்பில் ஒரு குறிப்பு இருக்க வேண்டுமே. உட்கார்ந்து எழுதினேன். இரண்டு நகல் எடுத்தேன். கடைசிப் பத்தி திருப்தியாக இல்லை என்று அதைத் திருப்பி எழுதினேன். புறப்படும்போது மணி பதினொன்றரை. பொறுப்புள்ள ஒருவர் உடன் போக வேண்டும் என்று நானும் மருந்துப் பெட்டிகளோடு ஏறிக்கொண்டேன்.

மாதனூருக்கு முன்னால் சாலை ஓரிடத்தில் இறங்கும். இறக்கத்தின் முடிவில் தோல் பதனிடும் டேனரி ஒன்று. டிரைவர் கியரைக் குறைத்துப் பார்த்தார், மிதியை எழுந்து நின்று மிதித்தார். வண்டி கேட்கவில்லை. அதே நேரத்தில் டேனரி வாசலிலிருந்து ஈரத்தோல் ஏற்றிய எருமை வண்டி ஒன்று ஆடி அசைந்து சாலைக்கு வந்தது. டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே ஸ்டியரிங்கை ஒடித்தார். வாசலோரம் பதனிடுவதற்காக மலைபோல் குவித்திருந்த ஆவாரம்பட்டைக்குள் வேன் பாதி புதைந்து நின்றது. மருந்துச் சீசா ஒன்றுகூட உடையவில்லை. என் வெள்ளைக் கோட்டு மட்டும் பதனிட்ட தோலின் நிறத்துக்கு வந்திருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். டேனரியின் எண்ணெய் இன்ஜினையும் அதன் தோல் பெல்ட்டுகளையும் பார்த்துக்கொள்பவர், நாற்பது வயதிருக்கும்.

"இன்னா சார், பட்டை வேணும்னா கேட்டு வாங்கறதுதானே?"

"பிரேக் இல்ல பாய்" என்றார் டிரைவர்.

"இல்லாமயே வந்தியா? தில்லு ஜாஸ்திப்பா உனக்கு."

"எனக்கில்ல பாய், சாருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் டாக்டரின் சீட்டை எடுத்துக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வெளியார் வண்டியைத் தொட விதியில் இடமில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"சரி சார், நான் தொடல. அந்த அஞ்சு பேருக்கு நீங்களே போய் சொல்லிடுங்க."

நான் வண்டியை விட்டு ஒதுங்கினேன்.

நான்கு பேர் பிடித்துத் தள்ளி வேனைச் சமதரைக்குக் கொண்டுவந்தார்கள். முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு சக்கரத்தையும் கழற்றினார் பாய். துருவேறிப் பிடித்திருந்த டிரம்களைச் சுற்றிச் சுற்றி மரச்சுத்தியால் தட்டி உருவினார். பட்டை என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. ஆணித் தலைகள்தான் இரும்பைக் கீறிக்கொண்டிருந்தன. நேரமாகிறதே என்று டிரைவர் இரண்டு பக்கமும் ஒன்றாகப் பிரிக்கப் போனார். பாய் அவர் கையைத் தட்டிவிட்டார்.

"அந்தப் பக்கம் அப்படியே கெடக்கட்டும். எந்த ஸ்பிரிங் எங்க மாட்டுச்சுன்னு மறந்தா அதப் பாத்துக்கலாம்."

முன்னுதாரணக் கோப்பை மேஜைமேல் வைத்துக்கொண்டு புதுக் கோப்பு எழுதுகிற முறை! என் சர்வீஸில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்துத் தோற்றிருக்கிறேன். இவர் கழற்றிய ஸ்பிரிங்கையும் கொக்கியையும் கழற்றிய வரிசையிலேயே கோணிமேல் அடுக்கினார்.

பிறகு உள்ளேபோய் ஒரு பழைய எருமைத்தோல் பெல்ட்டை எடுத்துவந்தார். அப்போது எனக்குப் புரிந்தது, தேய்ந்த பட்டைக்குப் பதில் அவர் தோலையே வைக்கப்போகிறார். இத்தனை புதுத்தோல் கிடக்கிறதே என்றேன்.

"புதுசு இழுத்து நீளும் சார். இது நாலு வருஷம் இன்ஜின்ல ஓடி, இழுக்க வேண்டியதெல்லாம் இழுத்துடுச்சு. இனிமே அடங்கிக் கெடக்கும்."

எண்ணெய்ப் பிசுக்கை வழித்தெடுத்து, ஷூவின் வளைவுக்கு அளவாக வெட்டி, செம்பு ஆணிகளால் அறைந்தார். ஒவ்வொரு ஆணியின் தலையும் தோலுக்குள் புதைந்திருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ஒன்று மட்டும் மயிரிழை தூக்கலாக இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு வேறு அடித்தார். அங்கே மேலதிகாரி யாரும் இல்லை, கையெழுத்துப் போட வேண்டிய படிவமும் இல்லை. ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரித்தார். கடைசியில் சக்கரத்தைக் கையால் சுழற்றி, உள்ளே தோல் லேசாக உரசும் சத்தம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்கும்வரை ஷூவின் திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தார்.

டிரைவரோடு அவரே ஏறி, அதே இறக்கத்தில் இறக்கிக் காட்டினார். வேன் நின்றது, ஒரு பக்கமும் இழுக்காமல்.

"இது தோலுப்பா, சூடு ஏறுனா கருகிடும். போய்ட்டு வர்ற வரைக்கும் தாங்கும். இறக்கத்துல கியர்லயே விடு. வந்ததும் வண்டியை நிறுத்திடு, ஆசைப்படாதே."

தன் வேலை எவ்வளவு தாங்கும் என்பதை வேலை முடிந்த கையோடு சொன்ன ஒருவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நான்கு மணிக்குள் கிராமத்தில் இருந்தோம். டாக்டர் பெட்டியை வாங்கிக்கொண்டு ஓடினார். நால்வர் பிழைத்தார்கள். ஐந்தாவது ஆள் இல்லை. எப்போது என்று கேட்டேன். "பதினோரு மணி இருக்கும்" என்றார் டாக்டர். பதினோரு மணிக்கு நான் கடைசிப் பத்தியைத் திருப்பி எழுதிக்கொண்டிருந்தேன். முன்னதாகப் புறப்பட்டிருந்தாலும் அதற்குள் போயிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். பழுது பார்த்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அது சரிதான். அந்தக் கணக்கை நான் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

வண்டியைத் திரும்பக் கொட்டகையில் நிறுத்திவிட்டு அறிக்கை எழுத உட்கார்ந்தேன். 'பழுது பார்த்தவரின் தகுதி' என்று ஒரு கட்டம். வெகுநேரம் யோசித்து, என் சர்வீஸிலேயே முதல் முறையாக விதியில் இல்லாத ஒரு சொல்லை எழுதினேன்: 'வேலை தெரிந்தவர்.'

அதற்குப் பின் எத்தனையோ சான்றிதழ்களைச் சரிபார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்தச் சொல்லை மறுபடி எழுதும்படி யாரும் எனக்கு வாய்க்கவில்லை என்பதால்தான் அவரை மறக்க முடியவில்லை. ஷூ நான்குக்கும் அனுமதி அளித்து மேலிடத்தின் பதில் வந்தது, அந்தக் காலராவுக்கு அடுத்த வருஷம், சர்க்கார் கணக்கு முடியும் மார்ச் முப்பத்தொன்றாம் தேதி.